எல்லார் வீட்டுக்கும் வந்த டாகுர்

வோகர் மீன்துறை,
1886 அக்டோபர் 14

என் அன்பு ஹெர்டிஸுக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைக்கும் நாளில் நீயும் சிக்னிக்குட்டியும் சுகமாக இருக்கவும், பசுவுக்குப் பால் வற்றாமல் இருக்கவும் கடவுள் அருள் செய்யட்டும். நான் சுகம். தெற்கே வந்து சேர பதினோரு நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு ஆறு பெருகிக் கிடந்தது. தோல் செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்து, நீ வைத்துக் கொடுத்த மூன்றாவது ஜோடியோடு வந்து நிற்கிறேன்.

படகில் ஆறு பேர். தலைவர் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் கெட்டது. குடிசையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். என் பங்குக்குக் கிடைத்த ஆள் தூக்கத்திலும் துடுப்புப் போடுகிறான். என் விலா எலும்புக்குத்தான் கேடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. வரும் வசந்தத்தில் நம் ஸ்கார்ட் பண்ணையின் குத்தகை முடிகிறது. நிலத்துக்காரர் இங்கே தெற்கில்தான் இருக்கிறார். மே பதினொன்றில் மீன்பிடிக் காலம் முடிந்ததும் அவரை நேரில் பார்த்து இன்னும் ஆறு வருடத்துக்குக் கேட்கப் போகிறேன். நம் ஊர்த்தலைவருக்கு ஸ்கார்ட் மேல் கண். மகள் வால்கெர்ட்டையும் வரப்போகிற மாப்பிள்ளையையும் அங்கே குடிவைக்கப் பார்க்கிறார். நாம் இருவரும் திடமாக நிற்கிறவரை அவர் பாச்சா பலிக்காது. ஒருவர் படுத்துவிட்டால் போதும், இவர்களால் முடியாது என்று சொல்லிக் குடும்பத்தையே கலைத்துவிடுவார். ஆற்றங்கரை வீட்டுக்காரர்களைப் போன வருடம் என்ன செய்தார் என்று பார்த்தாயே. அவன் ஒரு பண்ணையில், அவள் ஒரு பண்ணையில், பிள்ளைகள் ஊர்ச் செலவில் யார் யார் வீட்டிலோ. அதனால் உடம்பைப் பார்த்துக்கொள்.

சிக்னிக்கு என் முத்தம்.

உன் ஆஸ்முண்டுர்

*

ஸ்கார்ட், துங்குடால்,
1886 நவம்பர் 12

என் அன்பானவருக்கு,

கடல் உங்களிடம் சாதுவாக நடந்துகொள்ள வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சிக்னியும் சுகம். பசுவும் சுகம். ஆடு வெட்டி முடிந்தது. இரத்தமும் மாவும் அடைத்த குடல்களைத் தைத்து, கெடாமல் இருக்கப் புளித்த மோர்ப் பீப்பாயில் போட்டுவிட்டேன். இந்த வருடம் தையல் கொஞ்சம் அகலமாக விழுந்துவிட்டது, நீங்கள் வந்து கேலி செய்யக்கூடாது.

என் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். மீன் எண்ணெய் விளக்கு ரொம்பப் புகைகிறது, கண் எரிகிறது. கோபிக்காமல் படியுங்கள்.

டாகுர் தினமும் வருகிறான். நீங்கள் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனபடியே காபி வைத்துக் காத்திருக்கிறேன். வர வரத் தாமதமாக வருகிறான், வந்த வேகத்தில் கிளம்பிவிடுகிறான். நேற்று ஜன்னலில் முகத்தைக் காட்டினான். நான் கோப்பையோடு திரும்புவதற்குள் ஆளைக் காணோம். அவனோடு உட்கார்ந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு நல்ல நேரம். அது குறையக் குறைய மனசு என்னவோ செய்கிறது. இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் அங்கே கவலையில்லாமல் துடுப்புப் போட வேண்டும்.

குளிருக்குக் கையுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

கடவுள் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் ஹெர்டிஸ்

*

வோகர்,
1886 டிசம்பர் 8

அன்பு ஹெர்டிஸுக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்கக் கடவுள் அருளட்டும். நான் சுகம். கையுறை வந்தது. ஒன்றில் கட்டைவிரல் இல்லை, ஒன்றில் இரண்டு கட்டைவிரல் இருக்கிறது. நீ இப்படிப் பின்னுகிறவள் இல்லையே. நினைப்பு எங்கே இருந்தது?

இந்த டாகுர் யார்?

நான் யாரையும் உனக்குச் சொல்லிவிட்டு வரவில்லை. கிளம்பும் அன்று உன் அண்ணன் ஊற்றிக் கொடுத்ததில் எனக்குத் தலை சுற்றியது உண்மை. ஆனால் என் வீட்டு ஜன்னலில் ஒருத்தனை நிறுத்திவிட்டு வருகிற அளவுக்குச் சுற்றவில்லை. காபி வேறு கொடுக்கிறாயாம். நான் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குக் காபி. டாகுருக்குத் தினமும் உண்டு போலிருக்கிறது.

படகில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருக்கிறேன். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனாலும் கேட்கிறேன்: அவன் யார் வீட்டு ஆள்? ஏன் வருகிறான்? நீ ஏன் அவசர அவசரமாக, யாரோ பின்னால் நிற்கிற மாதிரி, வரி கோணலாக எழுதுகிறாய்? ஒரே ஒரு வரியில் பதில் எழுது, போதும்.

கோயிலடிப் பண்ணையில் இருக்கும் என் அக்கா தோராவையும் உங்கள் இருவரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

ஆஸ்முண்டுர்

*

ஸ்கார்ட்,
1887 ஜனவரி 5

என் அன்பானவருக்கு,

புது வருடம் உங்களுக்கு நல்ல மீனும் நல்ல காற்றும் தரட்டும். நாங்கள் சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்குப் புகை போட்ட இறைச்சி நன்றாக வந்தது. சிக்னி தனக்கென்று ஒரு மெழுகுவர்த்தி கேட்டாள், கொடுத்தேன். அது உருகி முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து, "அம்மா, இப்ப பாதி. அம்மா, இப்ப விரல் அளவு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாகுர் வருவது அநேகமாக நின்றுவிட்டது. அவன் அம்மாதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுந்திருக்கும்போதே பக்கத்தில் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் நகர மாட்டேன் என்கிறாள். கெட்டவள் இல்லை, அதட்டமாட்டாள், சத்தமே கிடையாது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வசந்தத்திலும் இவள் போகமாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

இதை உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். உங்களுக்குப் புரியும். வெளியில் யாருக்கும், உங்கள் அக்காவுக்கும்கூட, தெரிய வேண்டாம். தெரிந்தால் நம் குடும்பம் என்ன ஆகும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

இது மட்டும் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

உங்கள் ஹெர்டிஸ்

*

கோயிலடிப் பண்ணை,
1887 ஜனவரி 12

தம்பி ஆஸ்முண்டுர்,

ஆண்டவன் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும். என் முட்டிவலி பழையபடிதான். பனி பெய்தால் வானிலை சொல்ல நானே போதும்.

நீ விசாரிக்கச் சொன்னாய். எனக்கு வம்பு பேசுகிற வழக்கம் கிடையாது, உனக்கே தெரியும். கேட்டதனால் எழுதுகிறேன். டாகுர் என்று ஒருத்தன் இருக்கிறான். டாகுர் ஹால்சன். கிழக்கிலிருந்து வந்தவன், செப்டம்பர் கடைசியிலிருந்து உங்கள் ஓடைக்கு அக்கரையில் பக்கிப் பண்ணையில் கூலி வேலை. வெள்ளைப் பிடரி வைத்த குதிரையில் வருவான். அது தூரத்திலேயே பளபளவென்று தெரிவதால் யார் எங்கே போகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அந்தக் குதிரை தினமும் உங்கள் வாசலில் நிற்கிறது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உன் பெண்டாட்டி எப்படி வந்தாள் தெரியுமா? அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்தன்று உன் கையைக்கூட அப்படிப் பிடிக்கவில்லை. நான் வாசலில்தான் நின்றேன். அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். என்னை ஒரு தூணாகக்கூட மதிக்காமல் நேராகப் போய்விட்டாள். பிறகு போய்க் கேட்டேன்.

"ஏம்மா, நாத்தனார் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"அக்காவா! கவனிக்கல, மன்னிச்சிடுங்க. பனி வழுக்குது, கீழயே பாத்துட்டு வந்தேன்," என்றாள்.

பனி வழுக்கவே இல்லை தம்பி. முந்தின நாள்தான் சாம்பல் கொட்டியிருந்தது. அதோடு அவள் கீழேயும் பார்க்கவில்லை. ராணி மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவளுடைய அம்மா வழியிலும் இப்படித்தான் ஒரு பெருமிதம் உண்டு. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒண்டி ஆள், கூட யாரும் வரவில்லை.

உன் அக்கா தோரா

*

வோகர்,
1887 பிப்ரவரி 7

ஹெர்டிஸுக்கு,

குழந்தை சுகமாக இருக்கட்டும்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஒரு வரியில் பதில் கேட்டேன். நீ அவன் அம்மாவையும் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அக்கரையில் கூலிக்கு வந்தவனுக்கு அம்மா எங்கிருந்து வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னை என்ன முட்டாள் என்றா நினைத்தாய்?

அவன் பெயர் டாகுர் ஹால்சன் என்றும், வெள்ளைப் பிடரிக் குதிரை என்றும், கோயிலுக்குக் கைகோத்துப் போனீர்கள் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. டாகுர் வரவில்லை, டாகுர் வரவில்லை என்று கட்டின புருஷனுக்கே அழுது கடிதம் எழுதுகிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. யாருக்கும் சொல்லாதே என்று எனக்கே சொல்கிறாய். குடும்பம் என்ன ஆகும் என்ற நினைப்பு இப்போதுதான் வந்ததா?

நேற்று அலையில் துடுப்பை விட்டுவிட்டேன். தலைவர் என்னைத் திட்டியது கரைவரை கேட்டது. கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

தெளிவாக எழுதுகிறேன். உன் கையால், தெளிவான பதில் வேண்டும். வராவிட்டால், மே பதினொன்றில் நான் நிலத்துக்காரரிடம் போவது பண்ணையைக் கேட்பதற்கு அல்ல, திருப்பிக் கொடுப்பதற்கு. வடக்கே வரமாட்டேன். சிக்னியை மட்டும் ஆள் அனுப்பி அழைத்துக்கொள்கிறேன். நீ உன் டாகுரோடும் அவன் அம்மாவோடும் இருந்துகொள்ளலாம்.

ஆஸ்முண்டுர்

*

ஸ்கார்ட்,
1887 மார்ச் 2

என் அன்பானவருக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுதல். கை வெந்துவிட்டது, துணி சுற்றியிருக்கிறேன். அதனால் ஊர்த்தலைவர் மகள் வால்கெர்ட் எனக்காக எழுதுகிறாள். கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, மற்றபடி நான் திடமாகத்தான் இருக்கிறேன். பசு கன்று போட்டது. பெட்டை.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் எழுதியிருக்கிறபடியே எல்லாம் ஆகட்டும். உங்கள் முடிவுதான் என் முடிவும்.

பிப்ரவரி பதினான்கில் ஊரே கொண்டாடியது. வழக்கம்போல வீட்டுக்கு வீடு அப்பம் சுட்டுக் காபி போட்டார்கள். நானும் சுட்டேன். காலையிலிருந்து மலை இடுக்கைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். டாகுர் வந்தான். எல்லார் வீட்டுக்கும் வந்தான். பக்கிக்குப் போனான், கோயிலடிக்குப் போனான். சிக்னி கை தட்டிக் குதித்தாள். என் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு மட்டும் வரவில்லை. இனி வருவான் என்றும் தோன்றவில்லை.

என் அப்பத்தைச் சிக்னிதான் தின்றாள்.

நீங்கள் சீக்கிரம் வாருங்கள்.

ஹெர்டிஸ், சொல்லச் சொல்ல எழுதியது

இது வால்கெர்ட் சேர்ப்பது: ஐயா, அவர் சொன்னதை மட்டும்தான் எழுதினேன். டாகுர் பற்றிச் சொல்லும்போது அவர் அழுதார். எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. என் அப்பா உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

*

வோகர்,
1887 மார்ச் 26

ஹெர்டிஸுக்கு,

நீ சொன்னபடியே ஆகட்டும். என் முடிவுதான் உன் முடிவு என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சண்டையாவது போடுவாய் என்று நினைத்தேன். மறுத்து ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன், அது உனக்குத் தெரியுமா?

கை வெந்துபோனவளுக்கு, ஊர்த்தலைவர் மகளைக் கூப்பிட்டு வைத்து, டாகுர் மற்ற வீடுகளுக்குப் போகிறான் என்று அழத் தெரிந்திருக்கிறது. நாளைக்கு அது ஊர்த்தலைவர் வீட்டுச் சாப்பாட்டில் பேச்சாக இருக்கும். அவன் உன்னை விட்டுவிட்டான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். உன் டாகுருக்கு வேறு ஜன்னல் கிடைத்திருக்கும்.

மே பதினொன்றில் பண்ணையைக் கொடுத்துவிடுகிறேன். அக்காவுக்கும் எழுதிவிட்டேன். சிக்னியின் துணிமணியை எடுத்து வை.

ஆஸ்முண்டுர் யோன்ஸ்ஸன்

*

பக்கி, துங்குடால்,
1887 ஏப்ரல் 17

ஸ்கார்ட் பண்ணை ஆஸ்முண்டுர் ஐயாவுக்கு,

கடவுள் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் என்னைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள்.

நான்தான் டாகுர் ஹால்சன். வயது நாற்பத்தாறு. முன்பல் இரண்டு இல்லை, ஒரு முழங்கால் மடங்காது. குதிரை என்னுடையது அல்ல, பக்கிக்காரருடையது. பிடரி வெள்ளையாக இருப்பதற்கு நானோ குதிரையோ பொறுப்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்குக் கண் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியிலேயே எனக்குச் சந்தேகம். ஓடையில் வாளியை முக்குவதாக நினைத்துக்கொண்டு கரைக் கல்லில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அன்று முதல் தினமும் நான் போய்த் தண்ணீர் எடுத்து வைத்தேன். என் தண்ணீர் வேலை அவ்வளவுதான். காபி ஒரு நாளும் எனக்குக் கொடுத்ததில்லை. ஜனவரியில் நிழல் மட்டும் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. கை வேகவே இல்லை. எழுத முடியாததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். கோயிலுக்கு என் கையைப் பிடித்து வந்ததும் அதனால்தான். உங்கள் அக்கா தலையாட்டினாராம். தலையாட்டுவது காதில் விழாது ஐயா.

அதற்குப் பிறகு ஊர் பேசியது. "இனி வராதீங்க, நானும் சிக்னியும் பாத்துக்குறோம்," என்று என்னை நிறுத்திவிட்டார். நானும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா ஸ்கார்டுக்குப் போய், "என் தம்பி உன்னை விட்டுட்டான்! பண்ணையையும் விட்டுட்டான்! எழுதித்தான் அனுப்பிட்டானே, படிக்கலையா?" என்று கத்தியது ஓடைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. மறுநாள் மத்தியானம் சிக்னி வந்து என்னை அழைத்துப் போனாள்.

உங்கள் மனைவி கட்டிலடிப் பெட்டியிலிருந்து மூன்று கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். டிசம்பர் கடிதம் மட்டும் திறந்திருந்தது. ஜன்னலில் வைத்துப் பிடித்துப் பிடித்து அதன் மடிப்பு கிழிந்திருந்தது. மற்ற இரண்டிலும் உங்கள் அரக்கு முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது. நீங்கள் கேட்ட எந்தக் கேள்வியும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கை வெந்ததாகச் சொன்ன பிறகு, படித்துக் காட்டு என்று வால்கெர்ட்டிடம் எப்படிக் கேட்பார்? கண்ணுக்கு என்ன என்றல்லவா அவள் கேட்பாள்? அதனால்தான் எழுதியபடியே ஆகட்டும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தாராம். நீங்கள் குத்தகை விஷயமாக எழுதியிருப்பீர்கள் என்று அவர் நினைப்பு.

"வாசிங்க. நீங்க இந்த ஊரு ஆளு இல்ல, மே மாசம் வேற இடம் போயிடுவீங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றார்.

நான் முதலில் மனசுக்குள் படித்தேன். மூன்றிலும் சேர்த்து என் பெயர் எட்டுத் தடவை வருகிறது. எண்ணினேன்.

"என்னங்க, வாய் அடைச்சுப் போச்சா?" என்றார்.

"உங்க வீட்டுக்காரர் எழுத்து கொஞ்சம் மோசம்," என்றேன். பிறகு கேட்டேன்: "அம்மா, நீங்க கடுதாசியில டாகுர், டாகுர்னு எழுதினீங்களே, அது யாரு?"

"யாரா? டாகுர்னா டாகுர்தான். பகல்!" என்றவர், கொஞ்சம் யோசித்து, வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ! உங்களையா? உங்க பேரும் அதுதானே! எனக்குத் தோணவே இல்லையே!"

சின்ன வயதிலிருந்தே என் பெயரை வைத்து என்னைக் கேலி செய்வார்கள் ஐயா. டாகுர் விடிஞ்சுதா, டாகுர் சாஞ்சுதா என்று. ஆனால் இப்படி ஒரு மாட்டல் இதுதான் முதல் தடவை.

நீங்கள் கிளம்பிய அன்று நடந்ததை அவர் சொன்னார். உங்களுக்கு நினைவு இல்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு, கையில் இன்னும் குப்பியோடு, நீங்கள் பழங்கதையை எடுத்துவிட்டீர்களாம். இரவு என்கிற கறுத்த பெண்ணுக்கும் விடியல் வாசலில் நிற்கிற டெல்லிங்குருக்கும் பிறந்த அழகான பையன் டாகுர். அம்மாவுக்கு ஒரு குதிரை, பிள்ளைக்கு ஒரு குதிரை கொடுத்து உலகத்தைச் சுற்றிவரச் சொன்னார் எல்லாருக்கும் தந்தையானவர். பிள்ளையுடைய குதிரைப் பிடரியின் வெளிச்சம்தான் நமக்கெல்லாம் வெளிச்சம். இதைச் சொல்லிவிட்டு, "ஹெர்டிஸ், நான் வர்ற வரைக்கும் டாகுர் அந்த இடுக்கு வழியா தினமும் வருவான். அவனுக்குக் காபி வச்சுக் குடு. நான் பொறாமைப்பட மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே போனீர்களாம். வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்களாம்.

"அதனாலதான் அப்படி எழுதினேன். பிப்ரவரியில மலைக்குப் பின்னால இருந்து சூரியன் திரும்ப வந்ததுக்கு ஊரு அப்பம் சுட்டப்பவும் அப்படித்தான் எழுதச் சொன்னேன். அவருக்கு மட்டும் புரியும்னு நினைச்சேன்," என்றார். "ஆரம்பத்துல புகையாலதான், சரியாயிடும்னு நினைச்சேன். அவரு பாதியில ஓடி வந்துட்டா வருஷத்து மீனு போயிடுமே. அப்புறம் வால்கெர்ட் எழுதுறப்ப வேற எப்படிச் சொல்ல? அவ பண்ணைக்குக் காத்திருக்கிறவ."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவரு என்ன எழுதியிருக்காரு?"

ஐயா, நான் பாதிரியார் இல்லை. பொய் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்லுவேன். ஆனால் உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை என் வாயால் அந்த முகத்துக்கு முன்னால் வாசிக்க எனக்கு மனசு வரவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இப்படி வாசித்தேன்:

"அன்பு ஹெர்டிஸ், உன் வரி கோணலாக இருந்தால் என்ன, நான் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்கிறேன். டாகுர் வரவில்லையென்றால் அவன் அம்மாவோடு சண்டை போடாதே. அவளையும் உட்காரச் சொல். மூன்று பேருக்குக் காபி வை. நான் வந்துகொண்டே இருக்கிறேன்."

அவர் அசையாமல் கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஆஸ்முண்டுர் இப்படி எழுதுற ஆளு இல்ல," என்றார். "பரவாயில்ல. இன்னொரு தடவை வாசிங்க."

இன்னொரு தடவை வாசித்தேன். சொன்னதெல்லாம் நினைவில்லாமல் கொஞ்சம் மாற்றித்தான் வாசித்தேன். அதையும் அவர் கண்டுபிடித்திருப்பார்.

வால்கெர்ட் இந்த வாரம் இரண்டு தடவை வந்து பண்ணைக்குள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் அப்பாவுக்கு இன்னும் கண் விஷயம் தெரியாது. ரொம்ப நாள் மறைக்க முடியாது. நிலத்துக்காரரிடம் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். கடிதம் மூன்றும் என்னிடம் இருக்கிறது. எரிக்கவா, வைக்கவா?

டாகுர் ஹால்சன்

*

வோகர்,
1887 மே 9

மரியாதைக்குரிய டாகுர் ஹால்சன் அவர்களுக்கு,

எட்டுத் தடவை எப்படியெல்லாமோ எழுதிய பெயரை ஒன்பதாவது தடவை ஒழுங்காக எழுதுகிறேன். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல முழங்காலும் தரட்டும். உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டுப் படகுக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அதை உங்களிடம் மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

காலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தலைவரிடம் சொல்லிவிட்டு இன்று காலையிலேயே போய் நிலத்துக்காரரைப் பார்த்துவிட்டேன். என் மனைவிக்குப் பார்வை போய்விட்டது, பண்ணையை நான் நடத்துவேன் என்று உள்ளதைச் சொன்னேன். ஒளித்து வாங்கினால் ஊர்த்தலைவர் நாளைக்கே தோண்டி எடுப்பார். நிலத்துக்காரரிடம் ஆறு வருடம் கேட்டேன், மூன்று கொடுத்தார். காகிதம் என் சட்டைக்குள் இருக்கிறது. ஊர்த்தலைவர் இனி யாரையும் கலைக்க முடியாது. ஒரு மருத்துவரையும் கேட்டேன். அவர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

கடிதம் மூன்றையும் எரிக்க வேண்டாம். நானே வந்து அவளுக்கு வாசிக்கிறேன், எழுதியதை எழுதியபடி. அதன் பிறகு அவள் என்னை வீட்டுக்குள் விட்டால் போதும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் தபால்காரர் என்னை விட இரண்டு நாள் முன்னால் வந்து சேருவார். நீங்கள் இன்னும் பக்கியில் இருந்தால், கீழே இருப்பதை அவளிடம் வாசியுங்கள். உங்களுடையதைப் போல அழகாக இருக்காது. ஆனாலும் தயவுசெய்து ஒரு வார்த்தைகூட மாற்றாதீர்கள்.

ஹெர்டிஸ், நான் ஆஸ்முண்டுர். குடித்துவிட்டுச் சொன்னதை மறந்தேன், குடிக்காமல் எழுதியது எல்லாம் தப்பு. டாகுரின் அம்மா உன்னிடமே தங்கிவிட்டாள் என்று தெரியும். இருக்கட்டும். இனி ஒவ்வொரு நாளும் அவள் பிள்ளை அந்த மலை இடுக்கில் தலைகாட்டும்போது நான் உனக்குச் சொல்கிறேன். நான் சொல்கிறவரை காபியை ஊற்றாதே.

உன் ஆஸ்முண்டுர்